குடலிறக்க ரண சிகிச்சை: முறைகளை ஒப்பிடுதலும் தரப்படுத்துதலும்

சங்கங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்யும்போது, அங்கத்தினர்களின் கடன் மனுக்களில் 'குடலிறக்க ஆப்பரேஷனுக்காக' என்னும் காரணத்தை நாம் காண்பதுண்டு. எவ்வளவு தொகை வேண்டும் என்பது மனுவில் இருக்கும். எத்தனை தவணையில் திருப்பித் தரப்படும் என்பதும் இருக்கும். எந்த முறையில் ரண சிகிச்சை நடைபெறப் போகிறது என்பது மட்டும் இராது. நூல் வாங்கும்போது 'எத்தனையாம் நம்பர்?' என்று கேட்டு, முறுக்கையும் சோதித்துப் பார்க்கும் நெசவாளர், தமது உடம்பில் விழப்போகும் தையலைப்பற்றி ஒரு வார்த்தையும் கேட்பதில்லை. விதை நெல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து வாங்கும் விவசாயியும் அவ்வாறே. கேட்கக்கூடாது என்பதனாலன்று, என்ன கேட்பது என்பது தெரியாததனாலேயே இவ்வாறு நேர்கிறது. ஆகவே இம்மாதப் பாடத்தில் இதனை எடுத்துக்கொள்கிறோம்.

1. குடலிறக்கம் என்பது யாது?

வயிற்றின் முன்சுவர் பல அடுக்குத் தசைகளாலும் சவ்வுகளாலும் ஆனது. தொடையும் வயிறும் சேரும் கவட்டுப் பகுதியில், ஆண்களுக்கு விரைக்குச் செல்லும் இரத்தக் குழாய்களும் விந்துக் குழலும் சேர்ந்த தண்டு ஒன்று இச்சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. வரப்பில் மடை வைத்த இடம் மற்ற இடத்தைக் காட்டிலும் பலங்குன்றியிருப்பதுபோல, இவ்விடமும் இயற்கையிலேயே பலங்குன்றியது. அந்த வழியாகவோ, அதன் பக்கத்தில் நைந்துபோன உட்சவ்வின் வழியாகவோ, வயிற்றின் உள்ளுறை பைபோலப் பிதுங்கி வருவதே குடலிறக்கமாகும். அப்பைக்குள் சில சமயம் குடலும் இறங்கும். நிற்கும்போதும் இருமும்போதும் புடைப்புத் தெரியும். படுத்தால் பெரும்பாலும் உள்ளே போய்விடும்.

விரையில் நீர் கோத்துக்கொள்ளும் ஓதம் என்னும் நோயையும் இதனையும் பலர் ஒன்றென்று எண்ணுகின்றனர். இரண்டும் வேறு, சிகிச்சையும் வேறு. பாரம் தூக்கினதால்தான் இது வந்தது என்று சொல்வதும் முழு உண்மையாகாது. பிறவியிலேயே மூடாமல் நின்றுவிட்ட வழி, வயதினால் சவ்வு நலிதல், பரம்பரை, புகை பிடித்தல், நாட்பட்ட இருமல் ஆகிய பலவும் இதில் சேர்ந்துள்ளன. எனவே இந்நோய் கண்டவர் தமது தொழிலையோ தம்மையோ நொந்துகொள்ள வேண்டுவதில்லை. வெட்கப்பட்டு மறைக்கவும் வேண்டுவதில்லை. இங்கிலாந்து நாட்டுக் கணக்கின்படி, ஆண்களில் நூற்றுக்கு 27 பேரும் பெண்களில் நூற்றுக்கு 3 பேரும் தம் வாழ்நாளில் ஒரு முறை இதற்கு ரண சிகிச்சை செய்துகொள்கின்றனர். உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறக்குறைய 2 கோடி சிகிச்சைகள் நடைபெறுகின்றன.

2. காத்திருக்கலாமா?

மருந்தாலோ பட்டை கட்டுவதாலோ இத்துவாரம் அடைபடுவதில்லை. ஆயினும் புடைப்புக் கண்ட மறுநாளே கத்தி வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. அமெரிக்காவில் தொந்தரவு மிகக் குறைவாயிருந்த 720 ஆண்களைச் சீட்டுக் குலுக்கல் போன்ற முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு உடனே சிகிச்சை செய்தும், மறு பிரிவினரைக் கவனித்துக்கொண்டும் வந்தனர். 2006-இல் வெளியான அதன் முடிவின்படி, காத்திருந்தோரில் குடல் சிக்கி ஆபத்து நேர்ந்தது ஆண்டொன்றுக்கு ஆயிரத்துக்கு இரண்டு பேருக்கும் குறைவே. ஆனால் நாளடைவில் வலி மிகுந்து, அவர்களுள் பெரும்பாலோர் பத்து ஆண்டுகளுக்குள் சிகிச்சையை நாடினர் என்பதும் பின்னர்த் தெரிந்தது. ஆகவே, தொந்தரவில்லாத ஆண்கள் வைத்தியரின் யோசனையின்பேரில் காத்திருக்கலாம். அறுவடை முடிந்த பிறகோ, பண்டிகைக்கால நெசவு தீர்ந்த பிறகோ நாள் குறித்துக்கொள்ளலாம்.

பெண்களுக்கு இந்த விதி பொருந்தாது. அவர்களுக்குத் தொடையின் மேற்புறத்தில், இன்னும் தாழ்வாக உண்டாகும் வகை அதிகம். அதில் குடல் சிக்கும் அபாயமும் அதிகம். அவர்கள் காலந்தாழ்த்தலாகாது.

யாவரும் மறவாதிருக்க வேண்டியது ஒன்று. புடைப்பு உள்ளே போகாமல் கெட்டிப்பட்டு, கடுமையான வலியும் வாந்தியும் கண்டால், குடல் நெறிபட்டு இரத்த ஓட்டம் தடைப்பட்டிருக்கலாம். அது மணிக்கணக்கில் உயிருக்கு ஆபத்தாகும். எண்ணெய் தடவிப் பார்த்துக்கொண்டிராமல், அந்நேரமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

3. பஸ்ஸீனியின் முறையும் அது சிதைந்த விதமும்

இக்காலக் குடலிறக்கச் சிகிச்சைக்கு அடிகோலியவர் இத்தாலி நாட்டு எதுவார்தோ பஸ்ஸீனி என்பவர். 1867-இல் ரோமாபுரியை அடுத்து நடந்த போரில் இளைஞராகப் போரிட்டு, கவட்டிலேயே துப்பாக்கிக் கத்தியால் குத்துண்டவர் அவர். பிற்காலத்தில் பாதுவா நகரில் ரண சிகிச்சைப் பேராசிரியராக இருந்தபோது, 1884 முதல் தமது புதிய முறையைக் கையாண்டு, 1887-இல் அதனை வெளியிட்டார். அதற்கு முன் செய்யப்பட்ட சிகிச்சைகளில் பெரும்பாலானவை சில ஆண்டுகளில் பயனற்றுப்போயின. பையை மட்டும் கட்டி அறுத்துவிட்டுச் சுவரை அப்படியே விடுவது, கசிவை மெழுகிவிட்டு உடைப்பை விட்டுவிடுவது போன்றதாகும்.

பஸ்ஸீனி சுவரையே புதிதாகக் கட்டினார். நைந்த உட்சவ்வை முதலில் நெடுக்காகத் திறந்தார். பிறகு அந்த உட்சவ்வு, அதன்மேலுள்ள இரு தசைகள் ஆகிய மூன்று அடுக்குகளையும் சேர்த்துப் பிடித்துக் கவட்டுத் தசைநாரோடு தைத்தார். தாம் சிகிச்சை செய்தோரைப் பின்தொடர்ந்து பார்த்துக் கணக்கும் வெளியிட்டார். அவருடைய கையில் நோய் திரும்பியது மிகச் சிலருக்கே.

இம்முறை உலகெங்கும் பரவிற்று; ஆனால் முழுமையாகப் பரவவில்லை. அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் பலர், உட்சவ்வைத் திறக்கும் அந்த முக்கியமான படியை விட்டுவிட்டனர். மேலே தெரியும் தசையை மட்டும் தசைநாரோடு இழுத்துத் தைத்துவிட்டு, அதனையும் பஸ்ஸீனி முறையென்றே அழைத்தனர். பெயர் நிலைத்தது, பொருள் மாறியது. நோய் திரும்புவது மிகுந்தபோது பழி முறையின்மேல் விழுந்தது.

கூட்டுறவாளர்களாகிய நாம் இதனை எளிதில் உணரலாம். 'அறுபதாம் நம்பர்' என்று சீட்டு ஒட்டிய நூற்கட்டில் நாற்பதாம் நம்பர் நூல் இருந்தால், அறுபதாம் நம்பர் நூல் தரமற்றது என்று தீர்ப்புச் சொல்லுவோமா? முதலில் கட்டைப் பிரித்துப் பார்ப்போம். ஒரு முறையை இன்னொரு முறையோடு ஒப்பிடுமுன், அந்தப் பெயரில் செய்யப்பட்டது என்ன என்று அறிந்தாக வேண்டும். தரப்படுத்துதலின் முதற்பாடம் இதுவே.

4. ஷோல்டைஸ் முறை

பஸ்ஸீனியின் கருத்தை முழுமையாக மீட்டுச் செம்மைப்படுத்தியவர் கனடா நாட்டு டாக்டர் ஏர்ள் ஷோல்டைஸ். இவர் 1945-இல் டொரான்டோ நகரில் இந்நோய்க்கென்றே தனி ஆஸ்பத்திரி தொடங்கினார். இம்முறையில் உட்சவ்வைத் திறந்து, அதன் இரு ஓரங்களையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி மடித்து, மெல்லிய எஃகுக் கம்பியால் தொடர்தையலாக நான்கு வரிசை இடுகின்றனர். ஒரே இடத்தில் இழுப்பு விழாமல் நீளம் முழுதும் பரவுகிறது. மயக்க மருந்து பெரும்பாலும் அந்த இடத்துக்கு மட்டுமே தரப்படுகிறது. நோயாளி விரைவிலேயே எழுந்து நடக்கிறார்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1993 முதல் 2007 வரை சிகிச்சை பெற்ற 2,35,192 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2016-இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். மறுபடி குடலிறக்கத்துக்காகச் சிகிச்சை செய்துகொண்டோர், ஷோல்டைஸ் ஆஸ்பத்திரியில் நூற்றுக்கு ஏறக்குறைய 1 பேர். பொது ஆஸ்பத்திரிகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 5 பேர். இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. அந்த ஆஸ்பத்திரி, பருமனாயிருப்போரை உடல் எடை குறைத்து வரச் சொல்லுகிறது. ஆரோக்கியமானவர்களையே பெரும்பாலும் ஏற்கிறது. எனினும், ஒரே வேலையை ஒரே விதமாக நாள்தோறும் செய்து பழகிய கைகளின் பயன் இதில் இல்லையென்று சொல்ல முடியாது.

5. வலை வைத்துத் தைக்கும் முறை

கிழிந்த துணியை இரு ஓரத்தையும் இழுத்துச் சேர்த்துத் தைத்தால், கட்டும்போதெல்லாம் அத்தையலில் இழுப்பு விழுகிறது; நாளடைவில் பக்கத்துத் துணி கிழிகிறது. அதற்குப் பதிலாக, கிழிசலைவிட அகலமான ஒட்டுத் துணியை அடியில் வைத்துத் தைத்தால் இழுப்பே இல்லை. இதே யோசனைதான் வலை முறைக்கும் அடிப்படை. பாலிப்ரோப்பிலீன் என்னும் செயற்கை இழையாலான வலை அறுபதுகளிலேயே ரண சிகிச்சைக்கு வந்துவிட்டது. லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் டாக்டர் இர்விங் லிக்டன்ஸ்டைன் குழுவினர் 1984 முதல் எல்லா நோயாளிகளுக்கும் வலை வைக்கத் தொடங்கி, 1989-இல் ஆயிரம் பேரின் கணக்கை வெளியிட்டனர்.

தரப்படுத்துதல் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு இம்முறை நல்ல உதாரணம். அக்குழுவைச் சேர்ந்த டாக்டர் பர்வீஸ் அமீத், 'வலை வைத்துத் தைக்கவும்' என்று பொதுவாகச் சொல்லி நிறுத்தவில்லை, அளவுகளையே எழுதிவைத்தார்.

(அ) வலை ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டர் நீளமும் இருக்க வேண்டும்.

(ஆ) நடுவிலுள்ள பூப்பெலும்பின் மேட்டைத் தாண்டி 2 சென்டிமீட்டராவது வலை படிந்திருக்க வேண்டும். நோய் திரும்புவது பெரும்பாலும் அந்த மூலையிலேதான்.

(இ) விரைத்தண்டு வெளிவரும் இடத்தில் வலையைப் பிளந்து, இரு வாலையும் தண்டைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் போட்டுத் தைக்க வேண்டும்.

(ஈ) வலையை விறைப்பாக இழுத்து வைக்கலாகாது. சற்றுத் தளர்வாகவே வைக்க வேண்டும். உடம்பினுள் அது சுருங்குகிறது. நோயாளி எழுந்து நிற்கும்போது வயிற்றுச் சுவரும் முன்னே வருகிறது.

(உ) அவ்விடத்துச் செல்லும் மூன்று நரம்புகளையும் அடையாளங்கண்டு காக்க வேண்டும்.

நனைத்தால் சுருங்கும் என்று அறிந்து பாவின் நீளத்தைக் கூட்டி ஓட்டுகிறவர்களுக்கு, நான்காவது விதியின் நியாயத்தை விளக்க வேண்டுவதில்லை. வலையைச் சிறிதாகக் கத்தரித்து வைத்துவிட்டு இம்முறையின் பெயரைச் சொல்லுவது, பஸ்ஸீனிக்கு நேர்ந்த கதியை இதற்கும் உண்டாக்குவதாகும்.

வலையைச் சுருட்டி ஆப்புப்போலத் துவாரத்தில் செருகும் முறையும், சிறு துளைகளின் வழியே குழல் செலுத்திச் செய்யும் முறையும் உண்டு. பின்னது திறந்த முறையன்று. அதற்குத் தனிக் கருவிகளும் தனிப் பயிற்சியும் தேவை. குழந்தைகளுக்குப் பையைக் கட்டி அகற்றுவதே போதும், வலை தேவையில்லை.

6. நம் நாட்டில் தோன்றிய ஒரு முறை

புனே நகரத்து டாக்டர் மோகன் தேசர்தா 2001-இல் வலையில்லாத முறை ஒன்றை வெளியிட்டார். மேற்புறத் தசையின் உறுதியான நார்ப்பட்டையிலிருந்து ஒரு கீற்றை, இரு முனையும் அறாமல் பிரித்து, பலங்குன்றிய இடத்தின்மேல் படியவைத்துத் தைப்பது இம்முறை. ஒட்டுத் துணியை வெளியே வாங்காமல், அதே வேட்டியின் உபரிப் பகுதியிலிருந்து எடுப்பதற்கு இதனை ஒப்பிடலாம். போலந்து நாட்டில் 208 ஆண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, இதனையும் லிக்டன்ஸ்டைன் முறையையும் ஒப்பிட்டனர். 2012-இல் வெளியான முடிவின்படி, மூன்று ஆண்டுகளில் நோய் திரும்பியோர் இரு பிரிவிலும் இவ்விருவரே. நம்பிக்கை தரும் முடிவுதான். எனினும் நீண்ட காலச் சான்று இன்னும் சேரவேண்டும்.

7. ஒப்பிடும் விதம்

இரண்டு ரக நெல்லை ஒப்பிட விரும்பும் விவசாயி, ஒன்றைக் களர் நிலத்திலும் மற்றொன்றை வண்டல் நிலத்திலும் போட்டுவிட்டு முடிவு சொல்லமாட்டார். மண், நீர், எரு யாவும் ஒன்றாயிருக்க வேண்டும். ரண சிகிச்சையிலும் அவ்வாறே. ஒத்த நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரிக்க வேண்டும்; சில மாதங்களன்று, சில ஆண்டுகள் பின்தொடர வேண்டும்; நோய் திரும்பியதை மட்டுமன்றி நீடித்த வலியையும் எண்ண வேண்டும்.

நோயாளிகள் ஒத்தவர்களா என்று அறிய அளவுகோல் வேண்டும். 2007-இல் ஐரோப்பிய குடலிறக்கச் சங்கம் எளிய பாகுபாடு ஒன்றை வகுத்தது. துவாரம் உட்புறமா, வெளிப்புறமா, தொடைப்புறமா என்பதை ஓர் எழுத்தாலும், அதன் அகலம் ஒரு விரலா, இரு விரலா, மேலா என்பதை 1, 2, 3 என்னும் எண்ணாலும் குறிக்க வேண்டும். எந்த நாட்டு வைத்தியர் எழுதினாலும் மற்றவருக்கு விளங்கும்.

இவ்வாறு ஒப்பிட்டதில் தெரிந்தவை சில. வலை முறையால் நோய் திரும்புவது குறைகிறது. 2018-இல் வெளியான தொகுப்பாய்வின்படி, வலையில்லாமல் தைப்பதற்குப் பதிலாக 46 பேருக்கு வலை வைத்தால் ஒருவருக்கு நோய் திரும்புவது தடுக்கப்படுகிறது. அதே ஆண்டில் வெளியான சர்வதேச வழிகாட்டி, திறந்த முறைகளில் லிக்டன்ஸ்டைன் முறையையும், வலை வேண்டாதபோது ஷோல்டைஸ் முறையையும் பரிந்துரைத்தது. ஆப்பு வலை முறையைப் பரிந்துரைக்கவில்லை. நீடித்த வலி, எம்முறையாயினும், நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பேரை ஓரளவு வாட்டுகிறது என்பதையும் அது மறைக்கவில்லை. இதனைச் சிகிச்சைக்கு முன்னரே நோயாளிக்குச் சொல்லுவது வைத்தியரின் கடமை. கேட்டறிவது நோயாளியின் உரிமை.

8. கொசுவலையும் ஆஸ்பத்திரி வலையும்

நெய்வோரும் பின்னுவோரும் விரும்பிப் படிக்கத்தக்க செய்தி ஒன்று. மகாராஷ்டிர மாநிலம் தொண்டாய்சா என்னும் சிற்றூரில் டாக்டர் ரவீந்திரநாத் தோங்காவ்கர், விலையுயர்ந்த வலைக்குப் பதிலாகக் கொசுவலைத் துணியைச் சுத்தி செய்து பயன்படுத்தி, 359 குடலிறக்கங்களின் கணக்கை 2003-இல் வெளியிட்டார். பின்னர் ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டில் 302 ஆண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து இரு வலைகளையும் ஒப்பிட்டனர். 2016-இல் வெளியான முடிவின்படி, ஓராண்டில் நோய் திரும்பியவர் மலிவு வலைப் பிரிவில் ஒருவர், மற்றதில் எவருமில்லை. ஒரு வலையின் விலை ஏறக்குறைய 1 டாலர்; மற்றதன் விலை 100 டாலருக்கும் மேல்.

கடையில் தொங்கும் எந்தக் கொசுவலையும் உதவும் என்று இதற்குப் பொருளன்று. இழையின் வகையும் கண்ணின் அளவும் ஆராயப்பட்ட குறிப்பிட்ட துணியே பயன்பட்டது. பூச்சிமருந்து தோய்த்தது உதவாது. நீராவியில் 121 டிகிரி வெப்பத்தில் சுத்தி செய்ய வேண்டும். அதற்கு மேல் வெப்பம் ஏறினால் இழை உருகத் தொடங்கும். மலிவுப் பொருளுக்கும் தர நிர்ணயம் வேண்டும். சொல்லப்போனால், மலிவுப் பொருளுக்குத்தான் அது மிகுதியும் வேண்டும்.

9. பதிவேட்டின் அவசியம்

சுவீடன் நாட்டில் 1992-இல் எட்டு ஆஸ்பத்திரிகள் சேர்ந்து குடலிறக்கப் பதிவேடு ஒன்றைத் தொடங்கின. டென்மார்க்கில் 1998-இல் தொடங்கிற்று. நோயாளி யார், துவாரம் எவ்வகை, முறை எது, மறு சிகிச்சை நேர்ந்ததா என்பதெல்லாம் அதில் ஏறுகின்றன. தத்தம் முடிவை மற்றோர் முடிவோடு ஒப்பிட்டுப் பார்க்கவே, ஆஸ்பத்திரிகள் தம் குறைகளைத் தாமே திருத்திக்கொள்ள வழி பிறந்தது. ஒன்றுசேர்ந்து கணக்கு வைத்து, அக்கணக்கை எல்லோரும் பார்க்கவிடுவது கூட்டுறவின் உயிர்நாடியன்றோ?

10. அங்கத்தினர்கள் கேட்க வேண்டியவை

ரண சிகிச்சைக்கு நாள் குறிக்குமுன் வைத்தியரிடம் பணிவாகவும் அச்சமின்றியும் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

உடனே செய்தாக வேண்டுமா, சில மாதம் பொறுக்கலாமா? எந்த முறை? வலை உண்டா? உண்டெனில் என்ன வலை, என்ன அளவு? இம்முறையைத் தாங்கள் வழக்கமாகச் செய்பவரா? அந்த இடத்துக்கு மட்டும் மயக்க மருந்து கொடுத்துச் செய்ய இயலுமா? எந்த நாளிலிருந்து குழித்தறியில் இறங்கலாம், ஏர் பிடிக்கலாம்?

கடைசிக் கேள்வி வருமானத்தைப் பற்றியது. பல மாதம் முடங்கிக் கிடக்க வேண்டும் என்பது பழைய எண்ணம். வலி அனுமதிக்கும் அளவில் விரைவிலேயே அன்றாட வேலைக்குத் திரும்பலாம் என்பதே இக்கால வழிகாட்டி. தறி வேலைக்கும் மூட்டை தூக்குவதற்கும் உரிய நாளை வைத்தியர் வாயால் கேட்டுக்கொண்டு, அதற்கேற்பக் கடன் தவணையைச் சங்கத்தில் குறித்துக்கொள்வது நலம். சிகிச்சை முடிந்து வீடு திரும்பும்போது தரும் சீட்டில், செய்த முறையும் வைத்த வலையும் எழுதியிருக்கும்படி கேட்டு வாங்கிப் பாஸ் புத்தகத்தோடு பத்திரப்படுத்துங்கள். பின்னொரு காலத்தில் நோய் திரும்பினாலோ வலி நீடித்தாலோ, அடுத்த வைத்தியருக்கு அச்சீட்டே வழிகாட்டியாகும்.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க வினாக்கள்

1. பஸ்ஸீனி முறையில் எந்தப் படி விடுபட்டது? அதனால் விளைந்தது என்ன? நம் சங்க உற்பத்தியில் இதுபோல விடுபடும் படிகள் உண்டா?

2. வலையை ஏன் தளர்வாக வைக்கின்றனர்?

3. ஷோல்டைஸ் ஆஸ்பத்திரியின் நல்ல முடிவுக்கு முறை மட்டுந்தான் காரணமா? வேறு காரணங்கள் யாவை?

4. நம் சங்கத்தில் மருத்துவக் கடன் வழங்கும்போது, வேலைக்குத் திரும்பும் நாளை ஒட்டித் தவணை அமைக்க விதிகளில் இடமுண்டா? இல்லையெனில் பொதுச் சபையில் என்ன தீர்மானம் கொண்டுவரலாம்?